வெளிநாட்டுத் தன்னார்வப் பணியை நோக்கி வேளாண் முதுநிலை படிக்க விரும்பும் செட்டிநாட்டு மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரங்களில் வேளாண் இளநிலை படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்று, அதன்பின் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ ஒரு நாட்டின் உழவர்களோடு ஓரிரு ஆண்டுகள் தன்னார்வலராகப் பணிபுரிய எண்ணுவோருக்காக இவை எழுதப்பட்டுள்ளன.

தன்னார்வப் பணிக்குச் செல்ல முதுநிலைப் பட்டம் கட்டாயமா?

விதிப்படி எல்லாப் பணிகளுக்கும் கட்டாயமில்லை. நடைமுறையில் பெரும்பாலும் தேவைப்படுகிறது. தான்சானியாவின் மொரோகோரோ நகரில் உள்ள சொகொய்ன் வேளாண் பல்கலைக்கழகமும் கென்யாவின் எகர்டன் பல்கலைக்கழகமும் வேளாண் பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. தம் மண்ணையும் மொழியையும் அறிந்த பட்டதாரி உள்ளூரிலேயே இருக்கும்போது, அதே இளநிலைப் பட்டத்தோடு இங்கிருந்து ஒருவர் வந்து என்ன செய்யப் போகிறார் என்று அழைக்கும் அமைப்பு கேட்பது நியாயமே. விதை உற்பத்தி, பாசன மேலாண்மை, பூச்சி மேலாண்மை, அறுவடைக்குப் பிந்தைய நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் ஆழ்ந்த பயிற்சியும் அதைக் களத்தில் செய்துபார்த்த பழக்கமும் இருந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும். முதுநிலைப் படிப்பை அந்த விடையைத் தேடும் இரண்டு ஆண்டுகளாக எண்ணிச் சேருங்கள்.

முதுநிலைப் படிப்பையும் பீஸ் கோர் பணியையும் சேர்த்தே முடிக்கலாம் என்று படித்தேன். எனக்கு அது பொருந்துமா?

பொருந்தாது. தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1961இல் அமெரிக்க அரசு தொடங்கிய பீஸ் கோர் அமைப்பில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும். 1976 வரை அதன் தன்னார்வலர்கள் இந்தியாவிலும் பணியாற்றினார்கள். முதுநிலைப் படிப்பின் நடுவே களப்பணிக்குச் சென்றுவர வழிசெய்த 'மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்' திட்டம் 1987இல் தொடங்கி 2016இல் முடிந்தது. 1965இல் ஜப்பான் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வலர் திட்டமும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. நம் மாணவர்கள் படித்துவிட்டு வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க மாணவர்களுக்காக எழுதப்பட்டது என்பதால், எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் குடியுரிமை நிபந்தனையை முதலில் படித்துவிட்டு மற்றவற்றைப் படியுங்கள்.

அப்படியானால் இந்தியக் குடிமக்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் எவை?

முதன்மையானது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய இதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் பிரிவும் பல்கலைக்கழக மாணவர் பிரிவும் உண்டு. இவற்றுக்கு நீண்ட அனுபவம் கேட்பதில்லை, ஆனால் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. 27 வயது நிறைந்தோருக்கான வல்லுநர் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். வேளாண் முதுநிலை முடித்தவர் இந்தப் பிரிவை மனத்தில் வைத்துத் திட்டமிடுவதே நல்லது என்பது என் கருத்து. 22 வயதில் இளநிலை, 24இல் முதுநிலை, பிறகு மூன்றாண்டுக் களப்பணி என்று கணக்கிட்டால் வயதும் அனுபவமும் ஒரே நேரத்தில் நிறைவடைகின்றன.

1958இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பும் பல நாட்டுத் தொழில் வல்லுநர்களைச் சேர்த்துக்கொள்கிறது. இவை தவிர, பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையங்களில் பயிற்சியாளராகவோ ஆய்வு மாணவராகவோ சேர்வது தன்னார்வப் பணி ஆகாது என்றாலும், அதற்கான மிகச் சிறந்த முன்தயாரிப்பு ஆகும். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் மையம் சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை ஆகிய நம் மானாவாரிப் பயிர்களையே ஆராய்கிறது; ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் அதற்குக் களங்கள் உண்டு. ரயிலேறினால் மறுநாள் சென்று சேரக்கூடிய தொலைவில் இப்படி ஓர் இடம் இருப்பதை நம் மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை.

எந்தத் துறையில் முதுநிலை படிப்பது நல்லது?

மதிப்பெண்ணுக்கு எந்தத் துறை கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே இங்கு வழக்கமாக இருக்கிறது. தன்னார்வப் பணியை மனத்தில் வைத்திருப்பவர் அப்படிச் செய்யக் கூடாது. ஆய்வகத்தின் கருவிகளை நம்பியே இயங்கும் துறைகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், மின்சாரம் நிலையாக வராத ஒரு சிற்றூரில் அந்தப் படிப்பால் உங்களுக்குக் கைகொடுக்க இயலாது. உழவியல், மண்ணியல், பூச்சியியல், விதை அறிவியல், வேளாண் விரிவாக்கம் (ஆராய்ச்சி முடிவுகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் துறை) ஆகிய ஐந்தும் வயலில் இறங்கி நின்று பயன்படுத்தக்கூடியவை.

இவற்றுள் பூச்சியியலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையைப் பாருங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்துக்கொண்டு வந்தது. நைஜீரியாவின் இபடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பராகுவேயிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கி நாடு நாடாக விடுவித்தது. பூச்சி கட்டுக்குள் வந்தது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020இல் இந்தியாவில் தென்பட்டு, சேலம், நாமக்கல் மாவட்ட மரவள்ளி வயல்களைத் தாக்கியபோது, ஆப்பிரிக்காவில் உள்ள அதே நிறுவனத்தின் மையத்திலிருந்து குளவி தருவிக்கப்பட்டு 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடுவிக்கப்பட்டது. ஆப்பிரிக்க உழவரின் வயலில் கண்டறிந்த தீர்வு சேலத்து உழவரின் பயிரைக் காத்தது. மக்காச்சோளப் படைப்புழுவும் 2016இல் ஆப்பிரிக்காவுக்கும் 2018இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்ததால், அதைப் பற்றி அங்கே இரண்டாண்டு பணிபுரிந்தவரின் அனுபவம் இங்கும் நேரடியாகப் பயன்படும்.

விரிவாக்கத் துறையைப் பற்றியும் ஒரு சொல். களப்பணிக்கு அது மிகவும் ஏற்ற துறையே. ஆனால் இளநிலையில் பயிர் அறிவில் வலுவில்லாமல் விரிவாக்கத்தை மட்டும் படித்தவரிடம், உழவர் ஒருவர் இலையைக் கிள்ளிக்கொண்டுவந்து நீட்டினால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதை எடுப்பவர் விருப்பப் பாடங்களில் பயிர்ப் பாதுகாப்பையும் மண்ணியலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செட்டிநாட்டில் இருந்தபடியே எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

இங்கிருந்து போகிறவர்களுக்கு இருக்கும் பெரிய வாய்ப்பே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல மாவட்டங்களிலும் உழவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல், சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும் மழையை ஆண்டு முழுவதற்கும் எப்படித் தேக்கிவைப்பது என்பதே. சிவகங்கைச் சீமையில் மற்றப் பருவங்களைவிட அதிக மழை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் பெய்கிறது. அதைப் பிடித்துவைக்கத்தான் கண்மாயும் ஊருணியும் வெட்டப்பட்டன. நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, மிகைநீர் வழியும் கலுங்கின் உயரத்தை எதைக் கொண்டு முடிவு செய்தார்கள், மடை திறக்கும் முறை எப்படிப் பிரிக்கப்படுகிறது, வயல்களுக்கு நீர் பாய்ச்சிவிடும் நீர்பாய்ச்சிக்கு ஊர் என்ன கூலி தருகிறது, கடைமடைக்காரர் எப்போது சண்டைக்கு வருகிறார் என்பதை எல்லாம் ஒரு பருவம் முழுவதும் ஒரே கண்மாயில் இருந்து கவனித்து எழுதிவைத்த மாணவர், உலகின் எந்த மூலையிலும் பாசனச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பயனுள்ள கேள்வி கேட்க முடியும். வரத்துக்கால் சீமைக் கருவேலத்தால் அடைபட்டு, மழை பெய்தும் பெருகாமல் கிடக்கும் கண்மாய்களும் நம் ஊர்களில் உண்டு, அவற்றையும் பாருங்கள்.

மண் மாதிரி எடுப்பதை எடுத்துக்கொள்வோம். செய்முறைத் தேர்வுக்காக ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். வரப்பையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் மர நிழலையும் விலக்கிவிட்டு, மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கி, மண்வெட்டியால் 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணை எடுத்தெறிந்தபின் குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்ததைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவில் நிறுத்த வேண்டும். கல்லல் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் மண்வெட்டி இறங்க மறுக்கும்போதும் பொறுமையாக அந்த ஆழம் வரை போகிறவர்தான் சரியான மாதிரி எடுக்கிறார். பொருள் செலவில்லாத இந்தத் திறமை எந்த நாட்டுக்கும் உடன்வரும்.

நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற உளுந்து ரகங்களைத் தந்தது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. விடுமுறையில் இவற்றில் ஒன்றில் உதவியாளராக நிற்க அனுமதி கேளுங்கள். கேட்டு வருகிற மாணவர்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இந்தியாவில் எங்கே, எப்படிச் சேர்வது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையிலும் மதுரை உள்ளிட்ட சில வளாகங்களிலும் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. பிற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தில்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். படிப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். பெரும்பாலான துறைகளுக்கு நான்காண்டு வேளாண் இளநிலைப் பட்டம் தேவை. தாவரவியலோ விலங்கியலோ படித்தவர்கள், திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கிராம வளர்ச்சி சார்ந்த படிப்புகளைப் பார்க்கலாம். முடிந்தால் தமிழ்நாட்டுக்கு வெளியே படியுங்கள். தமிழ் பேசாத உழவரிடம் இரண்டாண்டு பழகியது பிற்காலத்தில் நிச்சயம் உதவும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பது மேலானதா?

நெதர்லாந்தின் வாகனிங்கன், ஜெர்மனியின் ஹோஹென்ஹைம், கோட்டிங்கன் ஆகிய பல்கலைக்கழகங்களின் வேளாண் முதுநிலைப் படிப்புகள் வெப்பமண்டல வேளாண்மையிலும் பன்னாட்டு வளர்ச்சியிலும் தேர்ந்தவை. பல நாட்டு மாணவர்களோடு சேர்ந்து படிப்பதே ஒரு பயிற்சி. முழு உதவித்தொகை கிடைத்தால் தயங்காமல் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை படிப்புக் கட்டணத்தோடு மாதம் 1,400 யூரோ தருகிறது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகைக்கு, இளநிலைக்குப் பின் குறைந்தது இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும்; பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பட்டியலினத்தவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 1892 முதல் இயங்கும் ஜே.என். டாட்டா அறக்கட்டளை கடன் உதவித்தொகை வழங்குகிறது.

ஆனால் வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கி வெளிநாட்டில் படித்துவிட்டுத் தன்னார்வப் பணிக்குப் போகலாம் என்று எண்ணுபவரை நான் தடுக்கவே செய்வேன். வழக்கமான கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். தன்னார்வலருக்குக் கிடைப்பது அந்த நாட்டில் எளிமையாக வாழப் போதுமான படி மட்டுமே. அதிலிருந்து தவணை கட்ட முடியாமல் அப்பச்சியின் (அப்பாவின்) ஓய்வூதியத்தில் கை வைக்க நேரும். இந்தியாவில் குறைந்த செலவில் படித்துக் கடனின்றி வெளியே வருபவருக்குத்தான் இந்தப் பணியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது.

ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பல்கலைக்கழகப் பண்ணைக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடும் ஆய்வாக அது இருக்கக் கூடாது என்பதைத்தான். உழவர் வயலில், உழவரின் செலவுக்குள், அவரும் சேர்ந்து முடிவெடுக்கும் ஆய்வாக இருந்தால், பிற்பாடு நேர்காணலில் சொல்வதற்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கும். எடுத்துக்காட்டாக, இப்பகுதியில் இன்னும் புழுதியில் விதைக்கப்படும் நெல்லில் களையைக் குறைப்பது, உளுந்து விதையை உழவரே தரமாகச் சேமிப்பது, கண்மாய் வண்டலை இட்ட வயலின் ஈரப்பிடிப்பை அளப்பது ஆகியவற்றைச் சொல்வேன். வழிகாட்டிப் பேராசிரியர் தம்முடைய திட்டத்தில் உள்ள தலைப்பையே தர விரும்புவது இயல்பு. முதல் பருவத்திலேயே உங்கள் எண்ணத்தைப் பணிவோடு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நாம் போய் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோமா?

அந்த எண்ணத்தோடு போகாதீர்கள். இன்று நம் நெல் உழவர்கள் பின்பற்றும் திருந்திய நெல் சாகுபடி, மடகாஸ்கரில் 1980களில் ஆன்றி டி லொலானியே என்ற பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில், சதுர முறையில் நட்டு, கோனோவீடர் என்ற களைக்கருவியால் களையைச் சேற்றில் அமுக்கிவிடும் அந்த முறை இங்கு வந்து வேரூன்றியிருக்கிறது. நம் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த பயிர்தான்.

செட்டிநாட்டாருக்கு இதில் தனிப்பட்ட ஒரு பொறுப்பும் இருப்பதாக நினைக்கிறேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் முன்னோர் கீழ்ப் பர்மாவின் நெல் உழவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தப் பணத்தால் காடு கழனியானது என்பது உண்மை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் போனதால், 1938 வாக்கில் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த உழவருக்கும் அதை வேண்டாமலே பெற்றவருக்கும் இடையே வளர்ந்த கசப்பு நம் குடும்பங்களில் பலவற்றுக்குத் தெரிந்த கதை. வேறொரு நாட்டு உழவரின் வாசலில் நிற்கப்போகும் நம் பிள்ளைகள் அந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் போக வேண்டும். தாங்கள் சொல்லும் யோசனை தவறினால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியை ஒவ்வொரு பரிந்துரைக்கும் முன்பு தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு மொழி தெரிய வேண்டுமா?

ஆங்கிலம் அடிப்படை. மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பிரெஞ்சும் மொசாம்பிக்குக்குப் போர்ச்சுகீசியமும் தேவை. தான்சானியா, கென்யா என்றால் சுவாஹிலியை இங்கிருந்தே தொடங்கலாம். முதுநிலை படிக்கும் இரண்டாண்டில் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கிப் பிரெஞ்சு படித்தவருக்கு வாய்ப்புகள் வெளிப்படையாகவே கூடுகின்றன.

"இவ்வளவு படித்துவிட்டுச் சம்பளம் இல்லாத வேலைக்கா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அப்பச்சியும் ஆத்தாவும் கேட்பதில் தவறில்லை. விவரத்தோடு விடை சொல்லுங்கள். ஐ.நா. தன்னார்வலருக்கு மாதாந்திர வாழ்க்கைப்படி, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு ஆகியவை வழங்கப்படுகின்றன. சம்பளம் என்ற பெயரில் சேமிக்கும் அளவுக்குப் பணம் வராது. திரும்பி வந்தபின் வேளாண் அறிவியல் நிலையங்களின் பாட வல்லுநர் பணிக்கு முதுநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. களம் சார்ந்த தொண்டு நிறுவனங்களும் ஆராய்ச்சித் திட்டங்களும் வெளிநாட்டுக் கள அனுபவத்தை மதிக்கின்றன. அரசுத் தேர்வுகளுக்கான வயது வரம்பை முன்கூட்டியே பார்த்து, போய்வரும் ஆண்டுகளை அதற்குள் அடக்கிக்கொள்ளுங்கள். தயக்கம் தீராவிட்டால், ஐ.நா.வின் இணையவழித் தன்னார்வப் பணியில் சில வாரங்கள் வீட்டில் இருந்தே பணிபுரிந்து காட்டுங்கள்; அதற்குப் படி கிடையாது, ஆனால் வேலையின் தன்மை வீட்டாருக்கும் புரியும்.

பெண்கள் தனியே செல்வது பாதுகாப்பானதா?

நாட்டையும் ஊரையும் அமைப்பையும் பொறுத்தது. தங்குமிடம் யார் ஏற்பாடு செய்வது, அவசரத்தில் அழைக்க வேண்டியவர் யார், வெளியேற்றத் திட்டம் இருக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வயல் வேலையின் கணிசமான பங்கைப் பெண்களே செய்வதால், அவர்களோடு தயக்கமின்றிப் பேசக்கூடிய பெண் வல்லுநர்களின் தேவை மிகுதி.

பணம் கட்டினால் தன்னார்வப் பணி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்பதில்லை. கேட்டால் அது மோசடி. பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் சுற்றிக்காட்டும் நிறுவனங்களும் உண்டு, அது சுற்றுலா. சுற்றுலா விசாவில் போய்ப் பண்ணை வேலை செய்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

புறப்படும் முன் எந்த ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும்?

பாஸ்போர்ட்டிலும் பட்டச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்தை விரித்தெழுதுவதில் வரும் வேறுபாடுதான் அதிகத் தாமதத்தை உண்டாக்குகிறது. ஜெர்மனியில் படிக்கச் செல்பவருக்கு 2022 நவம்பர் முதல், இந்தியக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்று தேவைப்படுகிறது; அதற்குச் சில வாரங்களாவது முன்னதாக விண்ணப்பியுங்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்; சென்னை கிண்டி கிங் நிறுவனம் அவற்றுள் ஒன்று. சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து செல்லும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். இந்தியாவுக்குத் திரும்பும்போதும் மஞ்சள் அட்டை எனப்படும் அந்தச் சான்றைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள் என்பதால், அதைப் பாஸ்போர்ட்டின் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.